ஈரக் கழிவு

ஆலை வாசலில் நோட்டீஸ்,
மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று.
சுங்கை ஆச்சேயில் அந்த ஆலைக்கு நெல் போட்ட தமிழர்
நானும் தவசியப்பன் வீடும்தான்.
இரண்டு வீட்டுக்காக யார் எழுதுவார்கள்?

அன்றைக்கு என் வயலில் பால் பிடிக்கும் நேரம்.
கதிரிடம் போய்ச் சொல்ல முடியுமா,
கொஞ்சம் பொறு, உனக்குப் போக இடமில்லை என்று.

நாலரை ரெலோங். அதில் இரண்டு குத்தகை.
முன்பெல்லாம் அறுத்த நெல்
ஆலைக்குப் போக ஆறு நிமிடம்.
கொட்டிவிட்டு, சீட்டை வாங்கி
மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு
குழம்பு ஆறுவதற்குள் வீடு.
இப்போது கிரியான் ஆற்றைத் தாண்டி
பாரிட் புந்தாரையும் தாண்டி
கைப்பேசி வரைபடத்தில் நீலக்கோடு
விரலால் தள்ளத் தள்ள வருகிறது.

பெங் சூனிடம் லோரி இருக்கிறது.
அரை லோடுக்கு வரமாட்டேன் என்றான். நியாயம்தான்.
அதனால் கமாருடின் நெல் அடியில்,
என் நெல் மேலே.
அவருடையது காலை வெயிலில் அறுத்தது.
என்னுடையது மாலையில், மழைக்குப் பிறகு.
அறுப்பு மிஷின் கெடாவிலிருந்து வருகிறது.
அது வருவது அதன் முறைக்கு,
என் நெல்லின் முறைக்கு அல்ல.

எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு லோரி.
எண்ணினேன், வேறென்ன வேலை.
ஒரு லோரிக்காரன் தொட்டில் கட்டித் தூங்கினான்
தன் லோரிக்கும் அடுத்தவன் லோரிக்கும் நடுவில்,
நகரப் போவதில்லை என்ற நம்பிக்கையில்.
இரண்டாம் இரவு தார்ப்பாய்க்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல் பிள்ளையின் அக்குள் மாதிரி இருந்தது.
கமாருடினிடம் சொல்லவில்லை.
அவரும் கைவிட்டுப் பார்த்திருப்பார்,
முழங்கை வரை உமித்தூசி.

காலை ஒன்பதரைக்கு
காதில் பாட்டு மாட்டிய ஒரு பையன்
நீளக் குழாயோடு ஏறி வந்தான்.
ஒரே ஒரு இடம். அதுவும் மேலாக.
குத்திய இடத்தில் என் நெல்.
நூற்றுக்கு இருபத்தைந்து கழிவு,
அடியில் காய்ந்து கிடந்த அவர் நெல்லுக்கும்
அதே இருபத்தைந்து.

"தாக் அப்பா" என்றார் கமாருடின்.
சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
எடுத்து விரித்துப் பார்த்தார்.
"தாக் அப்பா."
இரண்டாவது தடவை சொன்னது எனக்கில்லை.

திரும்பும் வழியில் மூன்று பேரும் ஒரே இருக்கை.
நிபோங் திபால் சிக்னலில் வாய் திறந்தேன்:
அடுத்த போகம் வாய்க்கால் தண்ணீர்
முதலில் உங்கள் வயலுக்கு.
மூன்று நாள் கழித்து எனக்குத் திறந்தால் போதும்.
மழை நின்று வெகுநேரமாகியும்
வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
இரண்டு நாள் போதும் என்றார்.
பெங் சூன் ரேடியோவைக் குறைத்தான்.
வாடகையில் எதையும் குறைக்கவில்லை.

இப்போது சூராவ் பக்கத்துப் பேட்மிண்டன் கோர்ட்டில்
காயப்போடக் கேட்டிருக்கிறோம்.
பையன்கள் ஆறு மணிக்குள் அள்ளச் சொல்கிறார்கள்.
தவசியப்பன் பாதி நிலத்தில் மரவள்ளி என்கிறான்.
சொல்வான், வழக்கமாகச் சொல்வதோடு சரி.
இந்தத் தடவை குச்சி வெட்டிக் கட்டி
சுவரோரம் நிற்க வைத்திருக்கிறான்.

நேற்று மூடிய ஆலைக்குள் போனேன்.
காவலுக்கு இருக்கும் நேப்பாளிக்கு என் முகம் தெரியும்.
மின்சாரம் இன்னும் வெட்டவில்லை.
லோரி நிறுக்கும் மேடையில் ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
சிவப்பு எண்ணில் நாற்பது என்றது,
அறுபது என்றது,
மறுபடி நாற்பது.
செருப்பில் ஈர மண் அப்பியிருந்தது.
இறங்கி, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.