மர எடை கழித்து

மெடிசின் ஹாட். சனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
சுடுதளத்தில் இலக்காய் நின்று செத்த டாங்கி ஒன்று
லொறியில் வந்து எங்கள் பழைய இரும்பு முற்றத்தில் இறங்கியது.
வெட்டும் வேலை எனக்கு.

முதலில் துளையைத்தான் தேடினேன்.
என் சுண்டுவிரல் நுழையும். பெருவிரல் நுழையாது.
இவ்வளவுதானா என்றேன்.
"உள்ளே போய்ப் பார், பரா" என்றாள் டொரீன்,
தராசுக் கொட்டில் வாசலில் கோப்பியோடு.

ஒரு சாணுக்கு மேல் உருக்கு.
சுவாலையைப் பிடித்து, பல்லைக் கடித்து
நான் ஒரு முழம் வெட்டுவதற்குள் விடியல் மதியமாகும்.
இதுவோ
இமை இறங்கத் தொடங்குமுன் முடிந்த வேலை.

எரித்துக்கொண்டு போகிறது என்றே நினைத்திருந்தேன்.
இல்லை.
புனல் போல வளைத்த செம்புத் தகடு,
அதன் முதுகில் வெடிமருந்து.
வெடித்ததும் புனல் தன்னையே விழுங்கி
உள்புறம் வெளியாகப் புரண்டு
ஊசியாய் நீள்கிறது.
உருகுவதில்லை. திடமாகவே ஓடுகிறது.
அந்த வேகத்துக்கு முன்
உருக்கும் சேறுதான், விலகி வழிவிடுகிறது.
துளையின் சுவரைத் தடவினால்
மெல்லிய செம்புப் பூச்சு:
இந்த நாடு கைவிட்ட
ஒரு சதக் காசின் நிறம்.

கவசத்துக்கும் மேலே கவசமாய்
வெடிமருந்துப் பெட்டிகள் பூட்டியிருந்தார்கள்,
வருவதை எதிர்த்து வெடிக்க.
முன்னால் வந்த சின்னக் குண்டொன்று
அதில் ஒன்றைச் சீண்டிவிட்டுச் செத்திருக்கிறது.
பின்னால் வந்தது
கோபம் தீர்ந்த இடத்தால் நுழைந்திருக்கிறது.
என் முன்னாள் மைத்துனன் பேசுவதும் இப்படித்தான்.

கூரையில் இன்னொரு துளை.
அங்கே தகடு இரண்டு விரல் தடிப்பு:
மேலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று
யாரோ நம்பிய காலத்துத் தகடு.

மூடியை நெம்பி இறங்கினேன்.
சாரதி இருக்கையில்
ஒட்டுப்பலகை மனிதன். தலை, தோள், இடுப்பு வரை.
எந்தச் சிப்பாயோ மீசை கீறியிருந்தான்.
நெஞ்சில், வயிற்றில், மீசைக்கு மேலே
சோக்கட்டி வட்டங்கள்,
ஒவ்வொன்றுக்கும் இலக்கம்.
உள்ளே வந்த ஊசி ஒன்றுதான்.
மீதியெல்லாம்
அவனைக் காக்க நின்ற சுவர்
தன் உட்புறம் உதிர்த்துத் தூவியது.

நாற்பத்தொன்று.
கடைசி வட்டம் கோணல்.
எண்ணியவரின் கை நடுங்கியிருக்கும்.
குளிராகவும் இருக்கலாம்.

டொரீன் பற்றுச்சீட்டில் எழுதினாள்:
மர எடை கழித்து. பதினொரு கிலோ.
மரத்துக்கு எங்களிடம் விலையில்லை.

கொட்டிலின் உடைந்த ஜன்னலுக்கு
அந்தப் பலகையை அறைந்தோம், மீசை வெளிப்பக்கமாக.
அன்றிலிருந்து கணக்கெழுதும்போது
நாற்பத்தொரு இடத்தால் காற்று.
டொரீன் ஒவ்வொன்றாய் டேப் ஒட்டிக்கொண்டு வருகிறாள்.
பதினேழாம் இலக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.
அதனூடு பார்த்தால்
லொறி வருவது தெரியும்.