எட்டரை மணித் தொடர்

பகாவ் தாமான் வீட்டில்,
எட்டரை மணித் தொடருக்கு நடுவே,
செம்பனை ஆலைச் சட்டையைக் கழற்றாமலே
குணாளன் அண்ணன் செத்துப்போனார்.
எங்களுக்குத் தெரியவில்லை.

சாவு எப்படி வருமென்று
தினமும் பார்த்தவர்கள்தானே நாங்கள்.
விளக்கு அணையும். பால் சொம்பு உருளும்.
சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தபிறகே
தலை சாயும்.

எங்கள் சாமிமேடையில் சிவப்பு பல்பு.
அது எப்படி அணையும்?
அண்ணன் கடைசியாகக் கேட்டது
தண்ணி பில் கட்டியாச்சா என்று.

விளம்பரம் வந்ததும் அண்ணி கோப்பியை நீட்டினாள்.
நீட்டியபடியே நின்றாள்.

நெஞ்சில் குத்தினேன். மூன்று முறை.
மூன்றாவதில் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவார்கள்.
நாலாவதற்கு என்ன செய்வதென்று
யாரும் காட்டித்தந்ததில்லை.
இமையை நீவி மூடினேன்;
திறந்துகொண்டது.

ஆம்புலன்ஸ் பையன் அண்ணியிடம் சொன்னான்,
"டா தாக் அடா, காக்."
கடையில் சீனி இல்லை என்பதுபோல.
யாரோ டிவியை நிறுத்தும்வரை
அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்,
எங்களைவிட நன்றாக.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுபடி போட்டோம்.
போன மாதம் செத்த மாமனார்
தொடரில் திரும்பி வந்திருந்தார்,
நெற்றியில் ஒரு சின்னக் கட்டோடு.

அண்ணி ஒன்றும் பேசவில்லை.
எழுந்துபோய்
கிரில் கேட்டின் பூட்டைத் திறந்துவிட்டு
வந்து உட்கார்ந்தாள்.