இரண்டு மீட்டர் பத்து

கெப்பல் சாலைக் கிடங்கில் நாலாம் மாடி.
சாமான் லிஃப்டில்தான் ஏறி வரவேண்டும்.
கறுப்புச் சுவர். அதில் இரண்டு செப்புத் தகடுகள்,
ஒவ்வொன்றும் ஒரு தோசை அகலம்.

ஒன்றில் ஒருவர் கை,
மற்றதில் இன்னொருவர் கை.
மிச்சக் கைகளைக் கோத்துக்கொண்டால்
சுவரெல்லாம் மீன்கள்.
விட்டால் போய்விடும்.
உடம்பு வழி ஓடும் மின்சாரம்
கொசுக்கடி அளவுகூட உறைக்காது என்று
நாளைக்கு நாற்பது தடவை சொல்வது
என் வேலை.

வேர்த்த கைகளுக்கு ஆரஞ்சு,
ஏர்கானில் காய்ந்த கைகளுக்கு நீலம்.
இருபத்தெட்டுப் பிள்ளைகள் சங்கிலியாய் நின்றபோது
ஒரு மங்கிய ஊதா வந்தது.
கடைசிப் பையன் மூக்கைத் துடைத்துவிட்டு
மறுபடி கை கொடுத்தான்.
ஊதா பளிச்சிட்டது.

ஒரு ஜோடி, லிஃப்டிலேயே சண்டை.
ஆளுக்கொரு தகட்டில் கை வைத்து
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள்.
"கெட்டுப்போச்சா?" என்றாள் அவள்.
இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றேன்.

புதன்கிழமைக்காரர் தனியாக வருவார்.
முதல் தடவை நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.
பிறகு கைகளை அகல விரித்து
இரண்டு தகடுகளையும் தானே தொட்டார்.
மூக்கு சுவரில் இடித்தது.
அத்தனை மீன்களில் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது
ஒரு செதில்.
பத்து நிமிடம் அப்படியே நின்றார்.

மூன்றாம் புதன், பெய் ஷான்
கேமராவில் பார்த்துவிட்டாள்.
இஸ்கந்தருக்கு மின்னஞ்சல் போனது.
இது இருவருக்கான படைப்பு, தகடுகளைத் தள்ளி வை
என்று பதில் வந்தது. அவர்தான் கலைஞர்.

திங்கள் விடுமுறை. நான், டிரில், அளவு டேப்.
என் கைகளை விரித்துப் பார்த்தேன்: ஒன்று அறுபத்திரண்டு.
அவர் என்னைவிட உயரம்.
இரண்டு மீட்டர் பத்து என்று பென்சிலில் குறித்தேன்.
பழைய துளைகளில் பட்டி வைத்துக்
கறுப்புப் பூசினேன்.
உற்றுப் பார்த்தால் தெரியும்.
நான் உற்றுப் பார்க்கவில்லை.

புதன் வந்தார்.
ஒன்றரைச் சாண் எட்டவில்லை.
கால் மாற்றி, தோளைச் சாய்த்து,
விரல் நுனியை நீட்டிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
ஊழியர் படைப்பில் பங்கேற்கக் கூடாது,
ஒப்பந்தத்தில் ஏழாவது விதி.
நான் வாக்கி டாக்கியைத் திருகிக்கொண்டிருந்தேன்,
அது அணைந்திருந்தது.
நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நல்ல மழை.
ஜன்னலில் துறைமுகத்துப் பளுதூக்கிகள் ஒன்றுகூட இல்லை.
ஏதோ வங்கி இலவசமாய்க் கொடுத்த நீளக்குடையோடு வந்தார்.
பிளாஸ்டிக் உறை நீட்டினேன். வேண்டாம் என்றார்.
இடது உள்ளங்கை தகட்டில்.
வலது கை, குடையின் கைப்பிடியை விட்டு
நனைந்த இரும்புத் தண்டைப் பிடித்தது.
குடை முனை மெல்லப் போய்
மறு தகட்டைத் தட்டியது.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

அப்புறம், தயங்கித் தயங்கி, மீன்கள்.
அந்த நிறம் இஸ்கந்தரின் பட்டியலில் கிடையாது.
குடை நடுங்கியபோதெல்லாம் வால்கள் நடுங்கின.
இந்த முறை சுவருக்கும் அவருக்கும் நடுவே
ஒரு தப்படி இடம் இருந்தது.
தலையைத் திருப்பித் திருப்பி
முழுச் சுவரையும் பார்த்தார்.

மாலைப் படிவத்தில் கேள்வி: கோளாறு ஏதும்?
எழுதினேன்:
தரையில் தண்ணீர்.
துடைத்தாயிற்று.