ஊதாத இரண்டு கப்பல்கள்

துறைமுக மதிலோடு ஒட்டியிருந்தது எங்கள் தோட்டம்.
தோட்டம் என்றால் செடி இல்லை;
ஒரு பைப்படி, நாலு கக்கூஸ், அறுபத்திரண்டு கதவுகள்.
எங்கள் கதவு
நூற்றுப்பத்தொன்பதின் கீழ் இருபத்தேழின் கீழ் மூன்று.
இது விலாசமில்லை, கணக்கு
என்பார் தபால்காரர்.

மதிலுக்கு மேலே கிரேன்களின் கழுத்து மட்டும் தெரியும்.
கப்பல் தெரியாது. கடலும்தான்.
ஆனால் எனக்குக் கப்பல்களைத் தெரியும்:
அம்மா அவற்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள்.
தலையணை உறையின் ஓரத்தில்
அழியாத மையில் கப்பலின் பெயர்.
இங்கிலீஷ் எழுத்தை அப்படித்தான் படித்தேன்.
சில உறைகளில் எழுத்துகள்
கண்ணாடிக்குள் நிற்பதுபோலத் திரும்பி நின்றன.
கிரேக்கக் கப்பலென்றால் சிகரட் ஓட்டை.
ஒரு கப்பலின் உறையில் எங்கள் வீட்டு எண்ணெய் மணந்தது.
யாரோ தூத்துக்குடிப் பொடியன்
என்று சொல்லிவிட்டு
அதை மட்டும் மெதுவாய்க் கசக்கினாள் சலேத்தம்மா.

டிசம்பர் முப்பத்தொன்று நடுச்சாமம்
எல்லாக் கப்பலும் ஒன்றாய் ஊதும்.
பூசைக்குப் போன சனம் கோயில் வாசலில் நின்று கேட்கும்.
தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள்
மதிலில் காதை வைத்து
குரல் குரலாய்ப் பிரித்து எண்ணுவோம்.
துவான் ரிஸ்லியின் தம்பி
எப்போதும் ஒன்று கூட்டிச் சொல்வான்.

எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு
ஒரே ஒருமுறை மதிலுக்கு உள்ளே போனேன்.
எட்டு வயது.
பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு நாள்,
பிறகு இரவில் லொறி, பிறகு இரும்புப் படி.
ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.
எந்த ஊருக்கு? கேட்டார் அப்பா,
இதே துறைமுகத்தில் வின்ச் பிடித்த அந்திரேயாஸ்.
பெயர் பதிந்தவர் நிமிரவில்லை.
காங்கேசன்துறை என்று எழுதினார்.

சீமெந்து ஏற்றின கப்பல்.
அம்மா தட்டைத் தடவிப் பார்த்தாள்:
துவைக்க ஒன்றுமே இல்லாத கப்பல்.
நான் அவள் சேலைக்குள் முகம் வைத்திருந்தேன்.
அதனால் அன்றும் கப்பலைப் பார்க்கவில்லை.

நாலு மாதத்தில் ரயிலேறித் திரும்பினோம்.
அங்கே நாங்கள் கொழும்பார்.
இங்கே கதவில்லை, சுவர் கறுத்திருந்தது.
குசுமா அக்கா
எங்கள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்திருந்தாள்;
மூடியிலிருந்த பித்தளைச் சேவலைத்தான் காணவில்லை.
அம்மா கேட்கவில்லை. குசுமா அக்கா சொல்லவுமில்லை.
இன்னும் இருபது வருடம்
இருவரும் ஒரே பைப்படியில் வாளி வைத்தார்கள்.

பிறகு கப்பல்கள் தங்களுக்குள்ளேயே துவைக்கத் தொடங்கின.
பிறகு, வீட்டில் யார் யாரென்று
பொலிசுக்கு எழுதிக் கொடுக்கும் காலம்.
பின்தெருவில் குப்பை மலையாய் வளர்ந்தது;
அந்தத் தெருவுக்கு ஒல்லாந்தர் வைத்த பேருக்கு
பூப்பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம்.
கடைசியில் சிவப்பு மையோடு ஒருவர் வந்து
கதவுக்குக் கதவு இலக்கம் போட்டார்.

இப்போது பதினோராம் மாடி. விலாசத்தில் பின்னம் இல்லை.
லிஃப்ட் நினைத்தால் ஓடும்.
பல்கனியில் துணி காயப்போடக் கூடாதென்று நோட்டீஸ்.
நான் ஒரே ஒரு விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன்.
அதை விலக்கினால் துறைமுகம்,
முழுசாய்.
முதல் நாள் பார்த்துவிட்டு நான் சமைக்கவேயில்லை.
கப்பல்கள் நினைத்ததைவிட அழுக்கு.
மேல்தட்டில் ஒரு மனிதரும் இல்லை.
யார் படுக்கிறார்கள் அவற்றில்?

போன டிசம்பர் முப்பத்தொன்று
விளக்குகளைப் பார்த்துக் கப்பல்களை எண்ணினேன்: பதினேழு.
பன்னிரண்டுக்கு ஊதின.
கண்ணை மூடி, பழையபடி, குரல் குரலாய்ப் பிரித்தேன்.
பதினைந்து.
இன்னொருமுறை எண்ண
இன்னொருமுறை ஊதமாட்டா.
கீழே பட்டாசு. மேல்மாடியில் யாரோ சட்டி தட்டினார்கள்.
துவான் ரிஸ்லியின் தம்பி இருந்தால்
பதினாறு என்றாவது சொல்லியிருப்பான்.

விடியும்வரை அங்கேயே இருந்தேன்.
எந்த இரண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
வெளிச்சம் வந்தபோது ஒன்று போய்விட்டிருந்தது.
விரிப்பில் உப்புப் பிடித்திருந்தது.
எடுத்து ஊறவைத்தேன்.