வெள்ளிக்கிழமை, அரியாங்குப்பம்

காலையிலேயே முருகனைக் கழற்றி
பக்கத்து டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டேன்.
இன்று டேங்க் இறக்கும் வேலை.
கற்பூரமெல்லாம் அங்கேயே காட்டிக்கொள்ளட்டும்.

பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
எஞ்சினை ஓடவிட்டேன்.
இருமி இருமித் தானே அடங்கியது.
அப்புறம் பேட்டரியின் மைனஸ்.
அப்படியும் குழாய்க்குள் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கும்,
துணி சுற்றித்தான் நட்டைத் திருகுவேன்.

கடலூரிலிருந்து விலைமலிவுக்கு வந்து
கழுத்துவரை நிரப்பிய பெட்ரோல்.
"சீக்கிரம் ஆகுமா?" என்கிறார் கலிவரதன்,
கையில் செல்போன், காதில் செருகிய பீடி.

நான் இன்னும் குழியில் இறங்கவில்லை.
ஆவி தரையோடு தவழ்ந்து
அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்ளும்.
ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுக்
கடல்காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு வரும்.
வராவிட்டால் நாளைக்கு.

என் இடது புருவம்
திரும்ப முளைக்க
நாலு மாதம் ஆனது.