ம்

வியாழன் மாலை ஏழு மணி. வினிபெக்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
லூத்தரன் கோயிலின் நிலவறையில்
ஒன்பது கதிரைகள் வட்டமாய்.
வாசலில் ஒன்பது சோடிச் சப்பாத்துகள்,
ரப்பர் விரிப்பில் உருகிய பனி ஒரு சின்னக் குளம்.

ஏப் ஃப்ரீசன், இருபத்தாறு வருடம்
நகரத்தின் பஸ் ஓட்டியவர்,
பித்தளைக் கிண்ணத்தை ஒரு தரம் தட்டுவார்.
இருபது நிமிடம். அவ்வளவுதான் வழிபாடு.
பாட்டில்லை, பிரசங்கமில்லை, காணிக்கைத் தட்டுமில்லை.

"ஒரு சொல் வைத்துக்கொள்" என்றார் முதல் நாள்.
"எண்ணம் உன்னைச் சாய்க்கும்போது
எட்டிப் பிடிக்க,
பஸ்ஸில் கம்பி மாதிரி."

எனக்கா சொல்லுக்குப் பஞ்சம்?
காலை எட்டிலிருந்து என் வாய் வாடகைக்கு.
மொழிபெயர்ப்பாளர், இலக்கம் நாலு நாலு ஒன்று ஏழு.
போனில் ஒருவர் "என்னை அடித்தார்கள்" என்றால்
நானும் "என்னை அடித்தார்கள்" என்பேன்.
"எனக்கு மூன்று பிள்ளைகள்" என்பேன்; எனக்கு ஒன்றுகூட இல்லை.
"எனக்குச் சீனி வியாதி" என்பேன்,
கோப்பிக்கு இரண்டு கரண்டி சீனி போட்டபடி.
கூட்டாதே, குறைக்காதே, ஆறுதல் சொல்லாதே.
"ம்" கூடக் கொட்டக்கூடாது;
பதிவில் அது சம்மதம் போலக் கேட்கும் என்றார்கள் பயிற்சியில்.

ஆகவே முதல் வியாழன்
கண்ணை மூடியதும் வந்தது கர்த்தர் அல்ல.
கிளிநொச்சிக்காரர் ஒளிந்து வந்த லொறி வந்தது.
யாரோ ஒரு தாயின் இரத்தப் பரிசோதனை வந்தது.
எல்லாரும் நான், நான் என்றார்கள்,
என் குரலில்.
என்னுடைய நான் எதுவென்று
அந்த நெரிசலில் தேடினேன். கிண்ணம் ஒலித்துவிட்டது.

சொற்களை மாற்றிப் பார்த்தேன்.
பிதாவே: அப்பா விட்டுப்போன கடன் ஞாபகம் வந்தது.
சமாதானம்: செய்தியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்த சொல்.
மாரநாதா சொல்லிப் பார் என்றாள் கொங்கோவின் ஒடெத்.
நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் வாய் உடனே
ஆண்டவரே வாரும் என்று பெயர்த்துப் போட்டது.
என்ன செய்ய, தொழில்.

தை மாதக் கடைசி வியாழன்
சூடேற்றும் இயந்திரம் சட்டென்று நின்றது.
அதுவரை அது ஓடியதே அப்போதுதான் தெரிந்தது.
ஒடெத்தின் வயிறு கடகடத்தது.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
அந்த இடைவெளியில், கூப்பிடாமல்,
தொண்டைக்குள் வந்தது:
ம்.

சொல்லே இல்லை அது. வாய் திறக்கவும் வேண்டாம்.
உறங்கிவிடவில்லை, மேலே சொல்லு
என்று கதை கேட்கிறவர் வைக்கும் சத்தம்.
உயிர் ஏறாத வெறும் மெய்.
நான் கொட்டினேனா, எனக்குக் கொட்டப்பட்டதா,
தெரியாது. கேட்காதீர்கள்.
லொறி வந்தது. ம்.
தாய் வந்தாள். ம்.
ஒவ்வொருவராய்ச் சொல்லி முடித்து
எழுந்து போனார்கள்.
கதிரைகளில் ஒன்பது பேர் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ஓர் அகதி விசாரணை.
"உங்கள் தம்பியைக் கடைசியாக எப்போது கண்டீர்கள்?"
நான் தமிழில் கேட்டேன்.
பதிலில்லை.
நாற்பது விநாடி. ஐம்பது.
வழக்கமாய்க் கேள்வியைத் திருப்பிச் சொல்ல
அனுமதி கேட்டிருப்பேன். கேட்கவில்லை.
முதுகு தானாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.
அதிகாரி கேட்டார்: இணைப்பு அறுந்துவிட்டதா?

பதினான்கு வருடத்தில் முதல் தரம்
யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்:
"இல்லை. இருக்கிறார்."

பிறகு ஓர் இருமல்.
பிறகு அவர் பேசத் தொடங்கினார்.
நானும் தொடங்கினேன்,
என் தம்பியைப் பற்றி.