கிழமைக் கணக்கு

ஞாயிறு, ஏழரை மணி.
டச்பேக் கரையில் நிஸ்தாரின் கடை வாங்கடியில்
ஐந்து சோடிச் சப்பாத்து வாய் பிளந்து கிடக்கிறது.
நாலில் மணல். ஒன்றில் மான் புழுக்கையும்:
கோட்டை வாசலில் மான்கள் விலகுவதில்லை,
ஓடுகிறவர்தான் விலக வேண்டும்.

இந்தக் கிழமை எத்தனை?

முப்பத்தெட்டு, என்கிறார் தயாபரன்.
அவருடைய முப்பத்தெட்டு எங்களுக்குத் தெரியும்.
மணிக்கூட்டை நிறுத்த மறந்து
சைக்கிளில் மீன் வாங்கப்போன எட்டும் அதற்குள்.
ஒருவரும் கழிப்பதில்லை.

ஹில்மியா நாற்பத்தொன்று.
அதில் பதினொன்று வீட்டு முற்றத்தில்.
அவர் கட்டாரில், பிள்ளை உள்ளே உறக்கத்தில்,
இவள் இரவு பத்து மணிக்குக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி.
'கிணத்துக்கே தலை சுத்தியிருக்கும்' என்கிறாள்.

கெலிஸ்ரஸ் எண் சொல்வதில்லை.
கெண்டைக்காலைப் பிசைந்தபடி சிரிக்கிறான்.
அவன்தான் வேகமானவன். சொல்ல என்ன இருக்கிறது.

இனோக்கா கையை விரிக்கிறாள். பூச்சியம்.
முழங்காலுக்கு இது மூன்றாவது மாதம்.
ஓடாவிட்டாலும் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வருவாள்.
பூச்சியம் சொன்னவளுக்கே முதல் பிளேன்ரீ.
இந்தச் சட்டத்தை எவரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு நான். முப்பது.
இன்றைய ஐந்து போக
மிச்சம் இருபத்தைந்தும் போயாவன்று, கன்னியாக் காட்டில்,
ஒரே மூச்சில் அல்ல,
கடன் வாங்கிய பல மூச்சில்.

இவர்களில் மூவர் அங்கே ஓடியவர்கள்தான்.
ஆனால் முன்னால் போனவர்களுக்குப்
பின்னால் நடந்தது தெரியாது.

வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டிச் செம்மண் வரை
கூட்டமாய்த்தான் இருந்தோம்.
பிறகு பாறை. பிறகு கச்சான் காற்று,
அடுப்பைத் திறந்ததுபோல முகத்துக்கு நேரே.
சூரை முள் ஒரு கையைப் பிடித்து நிறுத்தி
விசாரித்துவிட்டு விட்டது.
ஆனை லத்தி ஆறியிருந்ததா என்று
தொட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவார்,
மரங்களில் கட்டிய ஆரஞ்சு ரிபன்களைக் கழற்றிக்கொண்டு.
அன்று கடைசி ஆள் நான்.
அவர் பெயர் சிறில். எனக்குச் சிங்களம் கொஞ்சம்,
அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம்.
ரிபனை அவர் வெட்டுவதில்லை. முடிச்சை அவிழ்ப்பார்,
பையில் போடுவார், என்னைப் பார்க்காமல் நடப்பார்.

பதினேழாம் கிலோமீற்றரில் உட்கார்ந்துவிட்டேன்.
இரண்டு மரம் தள்ளி அவரும் உட்கார்ந்தார்.
எழும்பு என்று சொல்லவில்லை.
முடியும் என்றும் சொல்லவில்லை.
ஒரு பிடி பாலைப்பழம் பொறுக்கி நீட்டினார்.
தின்றதும் உதடு ஒட்டிக்கொண்டது,
புறுபுறுக்கவும் வழியில்லை.

திரும்பிப் போகலாமென்று பின்னால் பார்த்தேன்.
காடு மட்டும் நின்றது.
நான் வந்த பாதை முழுவதும்
அவருடைய பைக்குள் இருந்தது.

எழும்பினேன். வேறென்ன செய்வது.

நான் போய்ச் சேர்ந்தபோது
வளைவைக் காற்றிறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் முடிந்திருந்தது.
ஹில்மியா ஒரு வாழைப்பழத்தை
யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தாள்.
நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்றான் கெலிஸ்ரஸ்,
தன் நேரத்தைவிடக் கவனமாக.

என் இடது சப்பாத்தில் லேசு இல்லை, கவனித்தீர்களா,
ஆரஞ்சு ரிபன்.
கடைசி மரத்தில் சிறிலின் கை நிறைந்திருந்ததால்
நானே அவிழ்த்தது.

நிஸ்தார் கச்சான் சுருளை நீட்டுகிறான்.
கொஞ்ச நேரம் கோது உடையும் சத்தம்.
இனோக்கா குனிந்து, மணல் படாத தன் சப்பாத்தின்
முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்குகிறாள்.
'அந்த ரிபன் கழட்டுற வேலை,' கேட்கிறாள்,
'மெதுவாத்தானே நடக்கிறது?'

தயாபரன் மீனுக்குப் புறப்படுகிறார்.
அவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது.
ஒருவரும் சொல்லவில்லை.